இனிப்பு நீரும் பித்தக்கல்லும்: ஒரு பயத்தின் வரலாறு

படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கு அறிவியல் சார்ந்த வாசிப்புப் பனுவல் வேண்டும் என்று நம்மில் பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். மருத்துவ வரலாறு என்றால் பெரும்பாலும் பெனிசிலினையும் அம்மைத் தடுப்பூசியையும் சொல்லி முடித்துவிடுகிறோம். இம்முறை நம் வீடுகளுக்குள்ளேயே புழங்கும் ஒரு பேச்சை எடுத்துக்கொண்டு, அது எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம் என நினைத்தேன். அந்தப் பேச்சு உங்களுக்கும் தெரிந்ததுதான்: "இனிப்பு நீர் இருக்கிறவங்களுக்குக் கத்தி வெக்கக் கூடாது."

குளுவாங்கிலும் சிகாமட்டிலும் கூலாயிலும் இதைச் சொல்லாத பெரியவர்கள் குறைவு. "கத்தி வெச்சா புண் ஆறாது, ஆள் திரும்பி வர மாட்டாரு" என்று காரணமும் சேர்த்தே சொல்லுவாங்க. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு காலத்தில் இது முழு உண்மையாகவே இருந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய பெரிய மருத்துவர்களே இதைத்தான் சொன்னார்கள். அந்த உண்மை எப்போது மாறியது, எவ்வளவு மாறியது, எது இன்னும் மாறாமல் இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. பித்தப்பை, பித்தக்குழாய் அறுவை சிகிச்சையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இந்த மாற்றம் முழுவதும் அந்த ஒரு சிகிச்சையின் வரலாற்றிலேயே தெளிவாகத் தெரிகிறது.

முதலில் சொற்கள். தமிழாசிரியர்கள் இல்லையா, அதை விட்டுவிட்டுப் போக முடியாது. 'நீரிழிவு' என்பதில் உள்ள 'இழிவு' கேவலம் என்ற பொருளில் வரவில்லை. இழிதல் என்றால் கீழே வடிதல். கிரேக்கர்கள் இந்த நோய்க்கு வைத்த பெயரும் 'ஊடே வழிந்தோடுவது' என்ற பொருள் கொண்டதுதான். வடமொழியில் மதுமேகம், அதாவது தேன் போன்ற சிறுநீர். மலாய்க்காரர்கள் 'கென்சிங் மானிஸ்' என்கிறார்கள். நாம் மலேசியாவில் 'இனிப்பு நீர்' என்கிறோம். தமிழ்நாட்டில் இருந்து வரும் உறவினரிடம் "எனக்கு இனிப்பு நீர் இருக்கு" என்று சொன்னால் ஒரு கணம் விழிப்பார். அங்கே அது 'சர்க்கரை'. நம் நாட்டுத் தமிழில் புழங்கும் சொல் என்பதால் மாணவர்களிடம் இதைப் பெருமையாகவே சொல்லலாம்.

இனி உறுப்பு. கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அதில் ஒரு பகுதியைச் சேர்த்து, கெட்டியாக்கி வைத்திருக்கும் சின்னப் பைதான் பித்தப்பை. 30 முதல் 50 மில்லிலிட்டர் கொள்ளும். கொழுப்பு உணவு குடலுக்கு வந்ததும் பை சுருங்கி, பித்தக்குழாய் வழியாக நீரை அனுப்பும். பித்தநீரில் கொலஸ்ட்ரால் மிகுந்தாலோ பை சரியாகச் சுருங்காமல் போனாலோ கல் உருவாகும். நீரிழிவு நீண்டகாலம் இருந்தால் உள்ளுறுப்புகளை இயக்கும் நரம்புகள் பழுதாகின்றன, பை மந்தமாகிவிடுகிறது. உடற்பருமனும் சேர்ந்துகொண்டால் கல் வருவதற்கான வாய்ப்பு கூடும். கல் பையிலேயே சும்மா கிடந்தால் பலருக்கு ஒன்றும் தெரியாது. பையின் வாயை அடைத்தால் பை வீங்கும். குழாய்க்குள் இறங்கினால் மஞ்சள் காமாலை, குளிர் காய்ச்சல், சிலசமயம் கணைய அழற்சி. அடைபட்ட பித்தக்குழாயில் தொற்று ஏறினால் காய்ச்சல், மஞ்சள், வயிற்றுவலி மூன்றும் சேர்ந்து வரும் என்று பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1877-இலேயே எழுதிவைத்தார்.

1867-ஆம் ஆண்டு ஜூன் 15. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ஜான் பாப்ஸ் என்ற அறுவை மருத்துவர் ஒரு பெண்ணின் வயிற்றுக் கட்டியைத் திறந்து பார்த்தார். அவர் எதிர்பார்த்தது வேறு ஏதோ கட்டி. கண்டது கற்கள் நிறைந்த பித்தப்பை. கற்களை எடுத்துவிட்டுப் பையைத் தைத்து மூடினார். அந்தப் பெண் பிழைத்து நீண்டகாலம் வாழ்ந்தார்.

அதே 1867-இல் நம் பக்கம் என்ன நடந்தது தெரியுமா? யாழ்ப்பாணத்தில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் 'இரண வைத்தியம்' என்ற அறுவை மருத்துவ நூலைத் தமிழில் வெளியிட்டார். 1847-இல் இலங்கைக்கு வந்தவர், மானிப்பாயில் தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தவர். அந்த நூலில் பித்தப்பையை அகற்றும் முறை இருந்திருக்க வழியே இல்லை, ஏனென்றால் அன்று உலகத்தில் எவரும் அதைச் செய்ததில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மேலை நாட்டில் பித்தப்பையைத் திறந்து கல்லெடுத்த அதே ஆண்டில், அந்த மருத்துவத்தைத் தமிழில் படிக்க ஒரு நூல் இருந்தது. இதற்குப் பிறகு வருவேன்.

பித்தப்பையையே முழுதாக அகற்றியவர் ஜெர்மானியரான கார்ல் லாங்கென்புக். பெர்லின் லாசரஸ் மருத்துவமனையில், 1882 ஜூலை 15 அன்று. நோயாளிக்கு வயது 43. பதினாறு ஆண்டுகளாக வலியில் துடித்தவர். லாங்கென்புக் முதலில் சடலங்களில் பலமுறை செய்து பார்த்துப் பழகியிருந்தார். கல்லை மட்டும் எடுத்தால் பை மறுபடியும் கல்லை உண்டாக்கும், ஆகவே பையையே எடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய வாதம். நோயாளி நலமடைந்தார். அடுத்த சில ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே பித்தக்குழாயையே திறந்து கல்லெடுக்கும் முறையையும் செய்து காட்டினார்.

சரி, இந்தக் காலத்தில் இனிப்பு நீர்க்காரர் ஒருவருக்குப் பித்தக்கல் வந்திருந்தால்? இங்கேதான் நம் பெரியவர்களின் பயத்துக்கு வேர் இருக்கிறது. அவரைப் பெரும்பாலான மருத்துவர்கள் தொடவே மாட்டார்கள். அறுவைக்கு முன் பட்டினி போட வேண்டும். மயக்கத்துக்கு ஈதரோ குளோரோஃபார்மோ கொடுக்க வேண்டும். ஈதர் இரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும். உடலோ சர்க்கரையைப் பயன்படுத்த வழியில்லாமல் கொழுப்பை எரிக்கும், இரத்தத்தில் அமிலம் சேரும். அறுவை நன்றாகவே முடிந்திருக்கும், ஆனால் நோயாளி இரண்டொரு நாளில் நினைவிழந்து போய்விடுவார். அதைத் தாண்டியவர்களுக்குப் புண் சீழ் பிடிக்கும். அப்போது நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் கிடையாது. "புண் ஆறாது, ஆள் திரும்பி வர மாட்டாரு" என்ற இரண்டு வாக்கியங்களும் அன்றைய மருத்துவமனை அனுபவத்தின் நேரான சுருக்கம்தான்.

இரத்தத்தில் அமிலம் சேரும் அந்த நிலைக்குப் பெயர் வைத்தவர் பெர்னார்ட் நோனின் என்ற ஜெர்மானிய மருத்துவர். எனக்கு இவரை மிகவும் பிடித்துவிட்டது. 1892-இல் பித்தக்கல் நோயைப் பற்றி ஒரு பெரும் நூல் எழுதினார். 1898-இல் நீரிழிவைப் பற்றி இன்னொரு பெரும் நூல். நாம் இன்று சேர்த்துப் பேசும் இரண்டு நோய்களையும் ஒரே மனிதர் தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டிருந்தார்! ஸ்ட்ராஸ்பூர்க்கில் அவருடைய மருத்துவக்கூடத்தில் பணியாற்றிய மின்கோவ்ஸ்கி, ஃபான் மேரிங் என்பவரோடு சேர்ந்து, 1889-இல் ஒரு நாயின் கணையத்தை அகற்றினார். நாய்க்கு நீரிழிவு வந்தது. நோயின் வேர் கணையத்தில் இருக்கிறது என்பது அப்படித்தான் தெரிந்தது. அங்கிருந்து இன்சுலினை எட்ட முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1921-இல் டொரொன்டோவில் பேன்டிங்கும் பெஸ்டும் கணையச் சாற்றைப் பிரித்தார்கள். 1922 ஜனவரி 11 அன்று லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போடப்பட்டது.

இன்சுலின் வந்த பிறகு அறுவை மேசையின் நிலைமை மாறத் தொடங்கியது. சர்க்கரையை இறக்கலாம், அமிலத்தைத் தடுக்கலாம், புண்ணும் ஆறும். 1940-களில் பெனிசிலினும் சேர்ந்தது. ஆனால் ஊரின் பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறாது. நம் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். அங்கே இருந்தது தோட்ட ஆஸ்பத்திரியும் ஒரு டிரசரும். முற்றிய நிலையில்தான் ஆளை லாரியில் ஏற்றிப் பட்டணத்துக்கு அனுப்புவார்கள். அப்படிப் போனவர் திரும்பாவிட்டால் லயத்தில் இருப்பவர்கள் யாரைக் குறை சொல்வார்கள்? கண்ணுக்குத் தெரிந்தது கத்திதான். தாமதம் கண்ணுக்குத் தெரியாது.

இதற்கிடையே மருத்துவ உலகம் எதிர்ப்பக்கமாக ஓடியது. 1961-இல் ஓர் அமெரிக்க அறுவை மருத்துவ இதழில் வந்த கட்டுரை, பித்தக்கல்லும் நீரிழிவும் சேர்வதைத் தலைப்பிலேயே 'கெட்ட சகுனம்' என்ற பொருள்படும் சொல்லால் குறித்தது. நீரிழிவுக்காரருக்குப் பித்தப்பை திடீரென்று வீங்கினால் நிலைமை மோசமாகிறது. ஆகவே வலியே இல்லாவிட்டாலும், கல் இருப்பது தெரிந்தவுடன் பையை எடுத்துவிடுங்கள் என்ற ஆலோசனை பரவியது. கத்தியே வேண்டாம் என்ற காலம் போய், கல்லைக் கண்டால் கத்தி என்ற காலம் வந்தது. மருத்துவர்களும் நம்மைப் போன்ற மனிதர்கள்தான் போலும். ஊஞ்சல் ஒரு பக்கம் போனால் மறுபக்கம் வந்துதானே தீரும்.

அந்த ஊஞ்சலை நிறுத்தியது எண்ணிக்கை. 1982-இல் கிரேசி, ரான்சொஹாஃப் என்ற இருவர், வலியில்லாத பித்தக்கல் உள்ள 123 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த விவரத்தை வெளியிட்டார்கள். 5 ஆண்டுகளில் ஏறக்குறைய 10 விழுக்காட்டினருக்கும், 15 ஆண்டுகளில் 18 விழுக்காட்டினருக்கும் மட்டுமே வலி வந்தது. பெரும்பாலோருக்குக் கல் கல்லாகவே கிடந்தது. அடுத்து நீரிழிவுக்காரர்களைத் தனியே பார்த்தார்கள். அவர்களிடம் தொற்று போன்ற சிக்கல்கள் கூடுதல்தான். ஆனால் பழைய கணக்குகளில் இறந்தவர்களில் பலர் வயதானவர்கள், இதயமும் சிறுநீரகமும் முன்பே கெட்டிருந்தவர்கள், நோய் முற்றி வந்தவர்கள். பழி முழுவதையும் சர்க்கரை மேல் போட முடியாது. 1988-இல் வெளிவந்த ஒரு கணிப்பு, வலியில்லாத கல்லுக்காக நீரிழிவுக்காரருக்கு முன்கூட்டியே அறுவை செய்வதால் நன்மை இல்லை என்று முடித்தது. இன்றும் பொதுவான நிலைப்பாடு இதுதான்: வலி தராத கல்லைச் சும்மா விடலாம், ஒருமுறை வலி காட்டிவிட்டால் தள்ளிப்போடக் கூடாது.

இந்தப் பின்பாதிதான் நம் வீடுகளுக்குள் வந்து சேரவில்லை.

ஏன் தள்ளிப்போடக் கூடாது? நீரிழிவு பழுதாக்கிய நரம்பு வலியைச் சரியாகச் சொல்லாது. மற்றவர் துடிக்கும் இடத்தில் இவர் "கொஞ்சம் வயித்த பெரட்டுது, காத்து புடிச்சிருக்கு" என்பார். காய்ச்சலும் பெரிதாக இருக்காது. உள்ளே பை அழுகத் தொடங்கியிருக்கும். காற்றை உண்டாக்கும் நுண்ணுயிரிகள் பையின் சுவருக்குள்ளேயே குமிழிகளைக் கிளப்பும் ஒருவகை அழற்சி உண்டு. அது வருபவர்களில் நீரிழிவுக்காரர் மிகுதி. பை ஓட்டையாகி வயிறு முழுவதும் தொற்று பரவினால், அந்த நள்ளிரவில் அவசரமாகச் செய்யப்படும் அறுவைதான் பழைய காலத்து ஆபத்துக்கு மிக அருகில் இருக்கிறது.

என் பெரியம்மாவுக்கு இப்படித்தான் ஆயிற்று. நாசி லெமாக் சாப்பிட்ட இரவுகளில் வலப்பக்கம் வலிக்கும் என்பார். ஸ்கேனில் கல் தெரிந்தது, அறுவைக்குத் தேதியும் கிடைத்தது. இரண்டு முறை தேதியைத் தள்ளிவைத்தார். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து "கத்தி வேணாம்கா" என்றார்கள். நெல்லிக்காய்ச் சாறு, வாழைத்தண்டுச் சாறு, யாரோ கொடுத்த சூரணம் எல்லாம் நடந்தன. ஒருநாள் விடியற்காலையில் உடம்பு நடுங்கியது, கண் மஞ்சளாக இருந்தது. வலி மட்டும் அவ்வளவாக இல்லை. மூன்று வாரம் மருத்துவமனையில், விலாவில் ஒரு குழாயோடு கிடந்தார். பிழைத்துக்கொண்டார். இப்போதும் யாராவது கேட்டால், "கத்தி வெச்சதுனாலதான் இவ்ளோ கஷ்டப்பட்டேன்" என்றுதான் சொல்கிறார். பேச்சு எப்படித் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது பாருங்கள்.

இனி கத்தியே எப்படிச் சிறுத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1985 செப்டம்பர் 12 அன்று ஜெர்மனியின் போப்லிங்கன் நகரில் எரிக் மியூகே, வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் குழல் வழியாகப் பித்தப்பையை எடுத்தார். சக மருத்துவர்கள் முதலில் ஏளனம் செய்தார்கள். பிற்பாடு அவர்களுடைய சங்கமே அவரைக் கௌரவித்தது. 1987-இல் பிரான்சின் லியோன் நகரில் மூரே வீடியோ கருவியோடு செய்த பிறகு முறை உலகம் முழுக்கப் பரவியது. இந்தியாவில் 1990-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் உத்வாடியா இதைத் தொடங்கிவைத்தார். பித்தக்குழாய்க் கல்லுக்கு இன்னும் எளிய வழி அதற்கு முன்பே வந்திருந்தது. 1974-இல் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் வாய்வழியாகக் குழலைச் செலுத்தி, குழாயின் வாயைச் சற்றே விரித்துக் கல்லை எடுத்தார்கள். வயிற்றில் வெட்டே கிடையாது. காயம் சிறிதானால் சீழ் பிடிக்கும் இடமும் சிறிதாகிறது. இனிப்பு நீர்க்காரருக்கு இது எவ்வளவு பெரிய லாபம் என்று சொல்லத் தேவையில்லை.

லாபத்தோடு ஒரு நட்டமும் வந்தது, அதை மறைக்கக் கூடாது. துளை வழி அறுவை பரவிய தொடக்க ஆண்டுகளில், பித்தப்பைக் குழாய் என்று எண்ணிப் பொதுப் பித்தக்குழாயையே வெட்டிவிடும் விபத்துகள் கூடின. திறந்த அறுவையில் ஆயிரத்தில் ஒன்றிரண்டாக இருந்தது, ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து என்றானது. 1995-இல் ஸ்ட்ராஸ்பெர்க் என்ற மருத்துவர், எந்த எந்த அமைப்பைக் கண்ணால் தெளிவாகக் கண்ட பிறகே வெட்ட வேண்டும் என்ற விதியை வகுத்தார். இந்த விபத்து நீரிழிவால் வருவது இல்லை. ஆனால் பை பலமுறை வீங்கி, சுற்றியிருக்கும் சதையோடு ஒட்டிக்கொண்டால் எது எந்தக் குழாய் என்று தெரியாமல் போகும். துளை வழி தொடங்கிய அறுவை திறந்த அறுவையாக மாறுவதும் பெரும்பாலும் அப்போதுதான். சுற்றிச் சுற்றி மறுபடியும் தாமதத்திலேயே வந்து நிற்கிறோம்.

நம் நாட்டுக்கு இது ஏன் பெரிய விஷயம்? 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. உங்கள் வகுப்பில் முப்பது மாணவர்கள் இருந்தால், அவர்களுடைய பெற்றோர், தாத்தா பாட்டியில் எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சுல்தானா அமினா மருத்துவமனையின் காத்திருப்பு நாற்காலிகளில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பார்த்தால் கணக்கே தேவைப்படாது.

அங்கே கையொப்பமிடக் கொடுக்கும் ஒப்புதல் படிவம் மலாயில் இருக்கும், ஆங்கிலத்தில் இருக்கும். மருத்துவர் விளக்குவதைப் பெரும்பாலும் பள்ளி செல்லும் பேரப்பிள்ளைதான் மொழிபெயர்த்துச் சொல்கிறது. அந்தப் பிள்ளைக்கு 'ஹெம்பெடு' என்றால் பித்தப்பை என்று யார் சொல்லிக்கொடுத்தது? நிறையப் பிள்ளைகள் அதைக் கல்லீரல் என்றோ சிறுநீரகம் என்றோ சொல்லிவிடுகிறார்கள். கிட்னியில் கத்தி வைக்கப் போறாங்க என்று பாட்டி பயந்து வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார். 1867-இல் ஒரு நூல் முழுவதையும் தமிழில் தர முடிந்தது. நம்மால் பித்தப்பை, பித்தக்குழாய், கணையம், கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம் என்ற ஆறு சொற்களை மலாய்ச் சொல்லோடு சேர்த்து ஒரு பாடவேளையில் சொல்லித்தர முடியாதா? இலங்கையில் 'சத்திர சிகிச்சை', இங்கே 'அறுவை சிகிச்சை', வீட்டில் 'ஆப்பரேஷன்' என்பதையும் கூடவே சொல்லலாம்.

இன்னொரு பயிற்சியும் வைத்திருக்கிறேன். வீட்டுப் பெரியவர் சாப்பிடும் மாத்திரை, ஊசிகளின் பெயர்களை மாணவர் பார்த்து எழுதி ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். எழுத்துப் பயிற்சி என்று கொடுங்கள். இதில் வரலாற்றின் ஒரு வால் ஒளிந்திருக்கிறது. எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் என்று முடியும் புதிய மாத்திரைகள் சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுபவை; நல்ல மருந்துகள். ஆனால் அவற்றைச் சாப்பிட்டுக்கொண்டே அறுவைக்காகப் பட்டினி கிடந்தால், சர்க்கரை அளவு ஏறாமலேயே இரத்தத்தில் அமிலம் சேரக்கூடும். நோனின் பெயர் வைத்த அதே அமிலநிலைதான். அதனால் திட்டமிட்ட அறுவைக்குக் குறைந்தது மூன்று நாளுக்கு முன்பே அவற்றை நிறுத்தும்படி மருத்துவர்கள் சொல்கிறார்கள். வாரம் ஒருமுறை போடும் எடைகுறைப்பு ஊசிகள் பித்தப்பைக் கோளாறைச் சற்றே கூட்டக்கூடும் என்று 2022-இல் 76 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் எழுதினார்கள். எதையும் நாமாக நிறுத்த வேண்டாம், நாமாகத் தொடரவும் வேண்டாம்; அறுவைத் தேதி கிடைத்ததும் அந்தப் பட்டியலை மருத்துவர் முன் வைத்து ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். பட்டியலின் கடைசி வரியில் நெல்லிக்காய்ச் சாற்றையும் சூரணத்தையும் எழுதச் சொல்லுங்கள். அவற்றைத்தான் யாரும் மருத்துவரிடம் சொல்வதில்லை.